டைனோசரைத் தாண்டி மாடிக்கும் ஏறுங்கள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று சிங்கப்பூரில் யாரைக் கேட்டாலும் மண்டாய் விலங்குத் தோட்டம் என்பார்கள். நான் கெண்ட் ரிட்ஜ் என்பேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறதே, லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம், அதைத்தான் சொல்கிறேன். உயிரோடு ஓடியாடுவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மண்டாய்க்கே போகட்டும். இங்கே எல்லாம் செத்தவை. பாடம் செய்தவை, எலும்பாக நிற்பவை, குப்பியில் மிதப்பவை. ஆனால் இந்தத் தீவில் என்ன இருந்தது, எது போனது, எது திரும்பி வந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இங்கே கிடையாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், என் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அறிவியல் கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்துவது ஆசிரியர்கள். குப்பி கழுவுவது, கரைசல் கலப்பது, வெட்டிப் பார்க்க ஆட்டு இதயம் வாங்கி வருவது எல்லாம் நான். செத்த உடம்பைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறிக் கண்ணீர் விடாத வாரம் கிடையாது. அதனால் இந்த மாதிரி இடங்களுக்குப் போனால் விலங்கைப் பார்ப்பதற்கு முன்னால் குப்பியின் மூடியைப் பார்ப்பேன். திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது, நிறம் மாறியிருக்கிறதா, உள்ளே சீட்டு இருக்கிறதா என்றுதான் கண் போகும்.

இந்தத் தடவை கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் பெரியம்மா மகன், எழுபதைத் தாண்டிய அண்ணன். இன்னொருத்தி என் அக்கா பேத்தி, தொடக்கநிலை நான்கு படிக்கிறாள், டைனோசர் பைத்தியம்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய பாறை, நடுவில் பிளந்து செடி முளைத்த மாதிரி. சன்னல் மிகக் குறைவு. அழகுக்காக மட்டும் அப்படிக் கட்டவில்லை, பாடம் செய்த தோலுக்கும் இறகுக்கும் வெளிச்சம் ஆகாது. 2015 ஏப்ரலில் திறந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் டைனோசர்கள்தான். பிரின்ஸ், அப்போலோனியா, ட்விங்கி என்று மூன்று. நீண்ட கழுத்து, அதைவிட நீண்ட வால், இலைதழை தின்னும் வகை. பிரின்ஸ் 27 மீட்டர், அப்போலோனியா 24, குட்டி ட்விங்கி 12. எலும்புகளில் பெரும்பகுதி நிஜம், அச்சு வார்த்த போலி இல்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2007க்கும் 2010க்கும் இடையே தோண்டி எடுத்தவை. பெரும் தொகை கொடுத்து வாங்கினார்கள் என்று அப்போது செய்தியில் பெரிய பேச்சாக இருந்தது. விளக்கை அணைத்து, எலும்புகளின் மேல் வண்ண ஒளி பாய்ச்சி ஒரு காட்சியும் நடத்துகிறார்கள். பேத்தி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

எனக்கு? சரி, பார்க்கலாம். ஆனால் இந்த மூன்றுக்கும் நம் மண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது பிள்ளைகளை வாசலுக்குள் இழுக்க வைத்த தூண்டில் என்பது என் எண்ணம். அதில் தப்பில்லை, தூண்டிலோடு திரும்பிப் போய்விடுகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. மூன்று டைனோசர் முன்னாலும் படம் எடுத்துக்கொண்டு, மற்றதை ஒரு சுற்றுச் சுற்றி, கடையில் ஒரு பொம்மை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

டைனோசரை விட்டு ஓரமாக நடந்தால்தான் விஷயம் ஆரம்பிக்கிறது. செடிகள், பாசி, காளான் எனத் தொடங்கி, முதுகெலும்பு இல்லாதவை, மீன், தவளை, பாம்பு, பறவை, பாலூட்டி என்று வரிசை போகிறது. பொதுமக்கள் பார்வைக்கு இருப்பது 2,000 மாதிரிகள் போல. மேல் தளங்களில் ஆய்வுக்காகப் பாதுகாத்து வைத்திருப்பது பத்து லட்சத்துக்கும் மேல். ஆகவே கீழே நாம் பார்ப்பது கடைவாசலில் அடுக்கிய சரக்கு மட்டும், கிடங்கு மேலே இருக்கிறது.

குப்பிகளின் முன்னால் நான் நின்றது பேத்திக்குப் பொறுக்கவில்லை. "என்ன சின்னப்பாட்டி, எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கு, கலரே இல்லையே" என்றாள். கேள்வி நல்ல கேள்வி. மீனோ பாம்போ கிடைத்தால் முதலில் ஃபார்மலினில் ஊறவைத்துத் தசையைக் கெட்டியாக்குவார்கள். அப்புறம் தண்ணீரில் அலசி, 70 சதவீத எத்தனாலில், அதாவது சாராயத்தில், போட்டு மூடுவார்கள். எத்தனால் நிறங்களைக் கரைத்து எடுத்துவிடும். எங்கள் பள்ளியில் இருந்த பச்சைப் பாம்பு என் கண் முன்னாலேயே நீலப் பாம்பாக மாறியது. அதன் தோலில் பச்சை என்று தனியாக ஒரு சாயம் கிடையாது. நீலமாகத் தெரியும் அடுக்கின் மேல் மஞ்சள் சாயம் இருப்பதால் நம் கண்ணுக்குப் பச்சை. சாராயம் அந்த மஞ்சளைத் தின்றுவிட்டால் மிச்சம் நீலம். இதைச் சொன்னதும் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குப்பியாக நின்று, "இது உயிரோட என்ன கலர்?" என்று கேட்க ஆரம்பித்தாள். பாதிக்குப் பதில் சொன்னேன்.

குப்பியைப் பார்த்துக்கொள்வது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். எத்தனால் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாகும். திரவம் குறைந்துவிட்டதே என்று அதே 70 சதவீதத்தை ஊற்றிக்கொண்டே வந்தால், கொஞ்ச காலத்தில் உள்ளே இருப்பது பாதிக்குப் பாதி தண்ணீராகிவிடும், மாதிரி அழுக ஆரம்பிக்கும். அதனால் அளந்து பார்த்துக் கலக்க வேண்டும். நம் ஊர் புழுக்கத்துக்குத் தோலும் இறகும் பூஞ்சை பிடிக்கும், வண்டு அரிக்கும். நூறு வருடம் ஒரு தவளையைக் காப்பாற்றி வைப்பது என்றால் நூறு வருடம் யாரோ ஒருவர் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று அர்த்தம். இங்கே மூடிகள் சுத்தம், திரவம் தெளிவு. என் தரப்பில் முழு மதிப்பெண்.

ஆனால் குப்பியைவிட முக்கியமானது அதற்குள் இருக்கும் சீட்டு. பென்சிலாலோ கரையாத மையாலோ எழுதிய துண்டுக் காகிதம். எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, யார் பிடித்தார். குப்பி உடைந்தால் வேறு வாங்கலாம், திரவம் போனால் ஊற்றலாம். சீட்டு தொலைந்துவிட்டால் அது வெறும் செத்த மீன், ஆய்வுக்கு ஒரு காசுக்குப் பிரயோஜனமில்லை. பறவைகளுக்கு அந்தச் சீட்டைக் காலில் நூலால் கட்டியிருப்பார்கள். நீங்கள் போனால், விலங்கைப் பார்த்த கையோடு அதன் அருகில் இருக்கும் ஊர்ப் பெயரையும் வருடத்தையும் படியுங்கள். நாம் தினமும் பஸ்ஸில் தாண்டுகிற இடங்களின் பெயர் வரும்போது ஒரு மாதிரி இருக்கும். சிக்லாப்பில் 1883இல் பிடிபட்ட ஏழுவரி ஆமை ஒன்று இருக்கிறது, இருப்பதிலேயே பெரிய கடலாமை வகை. இன்று சிக்லாப்பில் கடலே தள்ளிப்போய்விட்டது. கடலை மண் போட்டு மூடி, அதன் மேல் வீடும் சாலையும் பூங்காவும் வந்துவிட்டன.

இந்தச் சீட்டுகளால் என்ன பயன் என்று அண்ணன் கேட்டார். அவர் கப்பல் பட்டறையில் கணக்குப் பார்த்தவர், எதற்கும் கணக்குக் கேட்பார். அவருக்கு ஏற்ற பதில் என்னிடம் இருந்தது. 1819இல் ஆங்கிலேயர் வந்த பிறகு இந்தத் தீவின் ஆதிக் காட்டில் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டது. முதலில் மிளகு, தோல் பதனிட உதவும் கம்பிர்ச் செடி என்று தோட்டம், அப்புறம் ரப்பர், அப்புறம் நகரம். காட்டோடு எத்தனை உயிரினம் போயிருக்கும்? 2003இல் 'நேச்சர்' இதழில் பேரி புரூக், நவ்ஜோத் சோதி, பீட்டர் இங் மூன்று பேரும் இதைக் கணக்கிட்டார்கள். பதிவில் இருந்தவற்றில் மட்டும் கால்வாசிக்கு மேல் காணோம். யாரும் பதிவு செய்வதற்கு முன்பே போனவற்றையும் ஊகித்துச் சேர்த்தால் 73 சதவீதம் வரை இருக்கலாம் என்றார்கள். இருபது வருடம் கழித்து, 2023இல், இங்குள்ள பல்கலைக்கழகத்தின் ரையன் சிசோம் குழு மறுபடி போட்டுப் பார்த்தது. 3,000க்கும் அதிகமான இனங்களைப் பற்றி 50,000க்கும் மேற்பட்ட பதிவுகளைத் திரட்டி, புதிய புள்ளியியல் முறையில் கணக்கிட்டதில் வந்தது 37 சதவீதம்.

அண்ணன் உடனே, "அப்போ நிலைமை பரவாயில்லைன்னு சொல்றியா?" என்றார். இல்லை அண்ணே, மூன்றில் ஒன்றுக்கு மேல் போயிருக்கிறதே, பரவாயில்லையா என்றேன். பழைய கணக்கு மலேசியாவில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் இங்கேயும் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. புதியது இங்கேயே எது எப்போது கண்ணில் பட்டது, எப்போது கடைசியாகப் பட்டது என்ற பதிவுகளை வைத்துப் போட்டது. அந்தப் பதிவுகளில் பல எங்கிருந்து வந்தன? இந்த மாதிரி குப்பிச் சீட்டுகளிலிருந்தும் இறகுகளில் தொங்கும் துண்டுக் காகிதத்திலிருந்தும்தான். 1900இல் ஒருவர் சோம்பேறித்தனமாகத் தேதி எழுதாமல் விட்டிருந்தால், 2023இல் கணக்கில் ஒரு ஓட்டை. இதைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை. டைனோசருக்குப் போட்ட விளக்கில் பாதியை இந்தக் கதைக்குப் போடலாம்.

குரங்குகளின் பக்கம் போகிறவர்கள் ராஃபிள்ஸ் இலைக்குரங்கைத் தேடிப் பாருங்கள். கறுத்த உடம்பு, வயிற்றுப் பக்கமும் தொடை உட்புறமும் வெள்ளை. பூங்காவில் நம் பையைப் பிடுங்கும் குரங்கு இல்லை இது, மரத்தின் உச்சியிலேயே இலை, காய் தின்று வாழும் கூச்ச சுபாவி. 1838இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். இன்று இங்கே மிஞ்சியிருப்பது நூறுக்கும் குறைவு, எல்லாம் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில். நீண்ட காலம் இதைப் பக்கத்து நாடுகளில் இருக்கும் வேறு இரண்டு வகைகளோடு சேர்த்து ஒரே இனத்தின் கிளை என்றே வைத்திருந்தார்கள். 2020இல் ஆண்டி ஆங் என்ற நம் ஊர் குரங்கு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மூன்றும் தனித்தனி இனம் என்று நிறுவினார்கள். எப்படி? குரங்கைப் பிடிக்கவில்லை, ஊசி குத்தவில்லை. கீழே விழுந்த சாணத்தைப் பொறுக்கி, அதிலிருந்து மரபணுவை எடுத்தார்கள். தனி இனம் என்று ஆனதும் எண்ணிக்கை பிரிந்துவிடுகிறது, ஆபத்து எவ்வளவு என்பதும் வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. பேத்திக்கு இந்தக் கதைதான் அன்று ரொம்பப் பிடித்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், "சாணி பொறுக்கறதுக்குச் சம்பளம் தருவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தருவார்கள், முதலில் நன்றாகப் படி என்றேன். வேறு என்ன சொல்வது.

நண்டுகளின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றோம். காலை விரித்தால் என்னை முழுசாகக் கட்டிப்பிடித்துவிடும் போலிருக்கும் ஜப்பானியச் சிலந்தி நண்டைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் பேத்தியிடம் சொன்னது நம் ஊர் நன்னீர் நண்டைப் பற்றி, ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ். உடம்பு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். உலகத்திலேயே சிங்கப்பூரில் மட்டும், அதுவும் புக்கிட் தீமா பக்கத்துச் சின்னச் சின்ன ஓடைகளில் மட்டும் இருக்கிறது. இதை 1986இல் உலகுக்கு அறிவித்தவர், பின்னால் இதே அரும்பொருளகத்துக்குத் தலைவராக இருந்த பீட்டர் இங். முதலில் கண்டுபிடித்த ஓடையிலேயே பிறகு அது காணாமல் போனது. ஓடைநீரில் அமிலத்தன்மை ஏறியது காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். 2012இல் உலகில் மிக அதிக ஆபத்தில் இருக்கும் நூறு உயிரினங்களின் பட்டியலில் இந்தத் துக்கடா நண்டும் இடம்பிடித்தது. இப்போது கூண்டில் வளர்த்துப் பெருக்கும் வேலை நடக்கிறது. ஒரு ஓடையின் தண்ணீர் கொஞ்சம் புளித்தாலே போதும், ஒரு இனமே உலகத்தை விட்டுப் போய்விடக்கூடும். புலியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கேட்பார்கள், இங்கே கடைசிப் புலியை 1930இல் சுவா சூ காங்கில் சுட்டார்கள் என்பது பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நண்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எல்லாம் இழப்புக் கதைதான் என்று நினைத்துவிட வேண்டாம். நெப்டியூன் கோப்பை என்று ஒரு கடற்பஞ்சு உண்டு. ஒயின் கோப்பை வடிவம், குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்குப் பெரிதாக வளரும். நூறு வருடமாக இங்கே யார் கண்ணிலும் படவில்லை, போயே போய்விட்டது என்று கைகழுவியிருந்தார்கள். 2011இல் செயின்ட் ஜான்ஸ் தீவு அருகே முக்குளித்த உயிரியலாளர்கள் கண்ணில் உயிரோடு பட்டது. 2010 முதல் சில வருடம் நம் கடல் முழுவதையும் விஞ்ஞானிகளும் தொண்டூழியர்களும் சேறும் சகதியுமாகச் சல்லடை போட்டுத் தேடிய ஆய்விலும் உலகுக்கே புதிய இனங்கள் கிடைத்தன. இவ்வளவு கப்பல் போகிற கடலில்! நீர்நாயும் இருவாச்சியும் திரும்பி வந்த கதை உங்களுக்கே தெரியும்.

திமிங்கிலத்துக்கு வருகிறேன். தலைக்கு மேல் தொங்கும் எலும்புக்கூட்டின் பெயர் ஜூபி லீ. பெண் விந்துத் திமிங்கிலம், 10.6 மீட்டர். 2015 ஜூலை 10ஆம் தேதி ஜூரோங் தீவுக்கு அருகே செத்து மிதந்தது. நாடு ஐம்பதாவது பிறந்தநாள் கொண்டாடிய வருடம், அதனால் ஜூபிலி, ஜூபி லீ. இழுத்து வந்து, நாற்றம் பிடித்த சதையை நாள்கணக்கில் வெட்டி எடுத்து எலும்பைப் பிரித்தவர்கள் இந்த அரும்பொருளகத்து ஊழியர்கள். ஆட்டு இதயத்துக்கே மூக்கைப் பொத்திய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும், ஆகவே அந்த ஊழியர்களுக்கு ஒரு கும்பிடு. வயிற்றைத் திறந்தபோது நிறையக் கணவாய் அலகுகள் இருந்தன. கணவாயின் உடம்பு செரித்துவிடும், கிளி மூக்கு மாதிரியான அந்த அலகு மட்டும் செரிக்காது. எந்தக் கணவாய் என்று அலகை வைத்தே சொல்லிவிடுவார்கள், அப்படித்தான் திமிங்கிலம் என்ன சாப்பிட்டது, எங்கே சாப்பிட்டது என்று துப்புத் துலக்குகிறார்கள். கூடவே பிளாஸ்டிக் குவளை, உணவு உறை எல்லாமும் இருந்தன.

இங்கே ஒரு சம்பவம். விடுமுறை முகாம் நடத்தும் ஏதோ ஒரு தனியார் நிறுவனம், பெயர் வேண்டாம், பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தது. கூட வந்த இளைஞர், "பிளாஸ்டிக்கைத் தின்று இது செத்துப்போனது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். எதிரிலேயே விளக்கம் எழுதியிருக்கிறது. கப்பல் மோதி இறந்திருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் சொன்னது. பிளாஸ்டிக் இருந்தது உண்மை, அது தனி வெட்கக்கேடு. ஆனால் அதுதான் கொன்றது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் சொல்கிறோம் என்று கதையை மாற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. பேத்திக்குக் கேட்கும்படி சரியானதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. முகாமுக்குப் பணம் கட்டுகிற பெற்றோர், வழிகாட்டுகிறவர் என்ன படித்தவர் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

திமிங்கிலத்தைப் பார்த்ததும் அண்ணனுக்குப் பழைய ஞாபகம். "இதைவிடப் பெருசும்மா அது. அடியில நின்னா தலைமேல விழுந்துடுமோன்னு பயமா இருக்கும்." அவர் சொன்னது ஸ்டாம்ஃபர்டு ரோட்டில் இருந்த பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் திமிங்கிலம். உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில் படிக்கும்போது பார்த்திருக்கிறார். ஞாபகம் சரிதான், அது சுமார் 13 மீட்டர் நீலத் திமிங்கிலம். 1892இல் மலாக்கா அருகே கரையொதுங்கியது, 1907 முதல் அங்கே தொங்கியது. 1974இல் அதைக் கோலாலம்பூருக்குக் கொடுத்துவிட்டார்கள், இப்போது லாபுவானில் இருக்கிறது. கொடுத்ததை நினைத்து அந்தத் தலைமுறைக்கு இன்னும் ஆறவில்லை. அண்ணன் உள்பட.

ஏன் கொடுத்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் மாடிக்கு ஏற வேண்டும். அங்கே இருக்கும் மரபுடைமைக் கூடத்தில் ஆள் நடமாட்டமே குறைவு. இழுப்பறைகளும் பழைய பெட்டிகளுமாக இருக்கும் அந்த இடம்தான் எனக்கு இந்த அரும்பொருளகத்திலேயே ஆக ஒசத்தி. சுதந்திரத்துக்குப் பிறகு, ஸ்டாம்ஃபர்டு ரோடு கட்டடம் வரலாறும் கலையும் காட்டும் இடமாக மாறியது. செத்த பறவைக்கும் ஊறிய மீனுக்கும் அங்கே இடமில்லை. 1972இல் விலங்கு மாதிரிகள் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. அவை சிதறாமல் ஒன்றாக இருக்கப் பாடுபட்டவர் எரிக் ஆல்ஃப்ரெட். வாங்கிக்கொண்டு காலமெல்லாம் கட்டிக் காத்தவர் யாங் சாங் மான் அம்மையார். நிரந்தர இடம் கிடையாது, புக்கிட் தீமா, ஆயர் ராஜா, ஜூரோங்கில் இருந்த நன்யாங் பல்கலைக்கழகம் என்று மூட்டை கட்டி மூட்டை அவிழ்த்து, 1987இல்தான் கெண்ட் ரிட்ஜுக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொரு இடமாற்றத்திலும் எத்தனை குப்பி, எத்தனை சீட்டு என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தை ஒரே கட்டடத்தில் ஒரு மாடி கீழே மாற்றியதற்கே எனக்கு உயிர் போனது. அன்று அவர்கள் "இடமில்லை, தூக்கிப் போடு" என்ற பேச்சுக்குத் தலையாட்டியிருந்தால், மேலே சொன்ன 37 சதவீதக் கணக்கைப் போட்டிருக்க முடியாது.

புதுக் கட்டடம் வந்த கதையும் சுவையானது. 2009இல் பல்கலைக்கழகத்தில் இருந்த பழைய காட்சிக்கூடத்தை ஒரு நாள் பொதுமக்களுக்காகத் திறந்துவைத்தார்கள், எதிர்பாராத கூட்டம் குவிந்தது. இவ்வளவு ஆர்வமா என்று பத்திரிகையில் பேச்சு கிளம்ப, பெயர் சொல்லாத ஒருவர் ஒரு கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) தர, லீ அறநிறுவனம் இரண்டரைக் கோடி தர, அடுத்த வருடத்துக்குள் 4 கோடியே 60 லட்சம் வெள்ளி சேர்ந்துவிட்டது.

மாடியில் வாலஸைப் பற்றியும் பார்க்கலாம். பரிணாமக் கொள்கையை டார்வினோடு ஒரே காலத்தில் கண்டவர். 1854இல் இங்கே வந்து, புக்கிட் தீமாவில் பிரெஞ்சுப் பாதிரியார்களோடு தங்கி, இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். சீனத் தொழிலாளிகள் மரம் வெட்டிப் போட்ட இடங்களில்தான் அவருக்கு வேட்டை. வெட்டிய மரத்துக்கு வண்டு வரும், வண்டுக்கு வாலஸ் வருவார். காடு அழிவதால் கிடைத்த சேகரிப்பு அது என்பதை நினைத்தால் சங்கடம்தான், ஆனாலும் அதைச் சேகரித்துச் சீட்டு எழுதி வைத்ததால்தான் இன்று அந்தக் காட்டைப் பற்றிப் பேச முடிகிறது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கரை. அரை எங்கே போனது? மேல் தளத்துக் கிடங்கை ஒரு கண்ணாடி வழியாகவாவது காட்டியிருந்தால் அதையும் கொடுத்திருப்பேன். ஆய்வாளர்கள் வேலை செய்கிற இடம், எத்தனால் நிறைந்த இடம், பொதுமக்களை விட முடியாது என்பதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆசை யாரை விட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துக்கொள்வது நல்லது, நேரம் குறித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் குறைவு, அடையாள அட்டையை மறக்க வேண்டாம். ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிப்போனால் அவர்களுக்கு முழு விலை. கிளமெண்டியிலிருந்து 96ஆம் எண் பஸ் வளாகத்துக்குள் போகும். விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் மூத்தோரைத் தனியாக விடாமல் கூடவே நின்று படித்துச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் டைனோசருக்கு இருபது நிமிடம் போதும், பாதி நேரத்தை மாடிக்கு வையுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், இந்த அரும்பொருளகம் வெளியிடும் 'ராஃபிள்ஸ் புல்லட்டின் ஆஃப் ஸூவாலஜி' ஆய்விதழைக் காட்டுங்கள். 1928இல் தொடங்கியது, கட்டணம் இல்லாமல் இணையத்தில் படிக்கலாம். எங்கள் வீட்டு வாண்டு அதில் நண்டுப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், போதும்.